தோப்பாப் பயறு: அப்பத்தா விட்டுப்போன கொடிக்குச் சொந்த ஊர் எது?

கண்டனூர்க்காரி
ஜூன் 28

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே வந்து படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 31 பயறு விதைகள் இருக்கின்றன. போன ஆண்டு 43 இருந்தன. குறைந்த பன்னிரண்டுக்கும் நானே பொறுப்பு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில், அடுப்புச் சாம்பலோடு கலந்து இந்த விதை எப்போதும் இருக்கும். அப்பத்தா இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு பெரிய அத்தை ஆண்டுதோறும் கொல்லையில் இரண்டு கொடி போட்டு விதையைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும், "இனிமேல் நீதான்" என்று பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டார். நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எண்ணத் தெரியும், எண்ணியதைக் கட்டத் தெரியும். விதைக்கத் தெரியாது.

விதை தட்டையானது. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. சந்தன நிறத்தின் மேல் அரக்குச் சிவப்பில் தெறிப்புகள், குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து விரலால் சுண்டிவிட்டது போல. ஒரு விதையின் தெறிப்பு இன்னொன்றில் இல்லை. 31இல் இரண்டு மட்டும் முழு வெள்ளை.

வீட்டில் இதற்குப் பெயர் தோப்பாப் பயறு. தோப்பில் விளைந்ததால் தோப்புப் பயறு, அது தேய்ந்து தோப்பாப் பயறு ஆனது என்று அப்பா சொல்வார். எனக்கு அதில் சின்ன வயதிலிருந்தே ஓர் உறுத்தல். எங்கள் குடும்பத்துக்குத் தோப்பே கிடையாது. சரளைக் கலந்த செம்மண்ணில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலமும், வீட்டுக் கொல்லையும்தான்.

குடும்பத்தில் இன்னொரு கதையும் உண்டு. ஐயா (எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை இப்படித்தான் அழைப்போம்) பர்மாவில் பெகு பக்கத்தில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது ஐயாவும் அப்பத்தாவும் காட்டு வழியே நடந்து வந்தார்கள், அப்போது அப்பத்தா முந்தானையில் முடிந்துகொண்டு வந்த பயறு இது என்பது கதை. கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாவார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பத்தா இதை முதல் நாள் மாலையே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். மூடாத பானையில் புதுத் தண்ணீர் வைத்து ஒரு கொதி, அதையும் வடித்துக் கொட்டுவார். மறுபடி தண்ணீர், மறுபடி கொதி, மறுபடி கொட்டல். நான்காவது தண்ணீரில்தான் வேகவைத்து, கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைப்பார். "மூன்று தண்ணீர் கண்ட பயறு" என்றே அதற்குப் பேச்சு. கொட்டும் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்ற விடமாட்டார், வாசல் சாக்கடையில்தான். சத்தெல்லாம் வீணாகிறதே என்று என் அம்மா ஒரு தடவை, அப்பத்தா ஊரில் இல்லாத நாளில், ஊறிய தண்ணீரோடு குக்கரில் வைத்து நான்கு விசில் விட்டார். குழம்பு லேசாகக் கசந்தது. என் தம்பி நிறையத் தின்றான், மாலையில் தலைச்சுற்றலும் வாந்தியுமாகக் கிடந்தான். அப்பத்தா திரும்பி வந்து அம்மாவைப் பேசிய பேச்சு இன்னும் அந்தத் தெருவில் இருக்கும்.

இப்போது பன்னிரண்டு விதைக் கதை. போன தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, கொல்லை வேலியோரம் பன்னிரண்டு குழி போட்டேன். பன்னிரண்டும் முளைத்தன. சித்திரைக்குள் வேலியை மூடி, முருங்கை மேல் ஏறி, பக்கத்து வீட்டுக் கழிவறைக் கூரை வரை போய்விட்டன. இலை, இலை, இலை. ஒரு பூ இல்லை. தொழு உரம் போட்டேன், தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன், யாரோ சொன்னார்கள் என்று நுனியைக் கிள்ளினேன். ஆவணி வரை பார்த்துவிட்டு ஆத்திரத்தில் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

இது என்ன பயறு? மொச்சையில் ஒரு வகையா? பர்மாவிலிருந்து வந்தது என்பது உண்மையாக இருக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் முன்னால், ஏன் பூக்கவில்லை? மிச்சம் 31தான். இந்தத் தடவை தவறு செய்தால் தாங்காது.


வரப்போரம்
ஜூன் 28

பிடுங்கினீர்களே அம்மா! இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் வேலி முழுக்கப் பூத்திருக்கும்.

முப்பது வருடம் விதைச் சோதனையில் இருந்தவன் நான். "பூக்காத அவரை" என்று வருடத்துக்குப் பத்துப் பேராவது வருவார்கள். பழைய கொடிப் பயறுகள் பலவற்றுக்குப் பகல் சுருங்க வேண்டும், இரவு நீள வேண்டும். அப்போதுதான் மொக்கு வைக்கும். நம் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம்தான். நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. கொடி கவனிக்கிறது. நீங்கள் தையில் போட்டபோது பகல் குறுகியதுதான், ஆனால் செடி பூக்கும் பக்குவத்துக்கு வரவில்லை. பக்குவம் வந்தபோது பங்குனி, சித்திரை. பகல் நீண்டுகொண்டே போகிறது. அது தன் பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டு புரட்டாசி, ஐப்பசிக்காகக் காத்திருந்தது. உரமும் தண்ணீரும் கிள்ளலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆடிப் பட்டத்தில் போடுங்கள், கார்த்திகையில் பூ பார்ப்பீர்கள். வீட்டில் பெரியவர்கள் அவரையை ஆடியில் போட்டதற்குக் காரணம் இதுதான். கடைகளில் இன்று விற்கும் குற்றவரைகளுக்கு (குத்துச்செடி அவரை) இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அதனால் நமக்கும் மறந்துவிட்டது.

என்ன பயறு என்பதற்கு வருகிறேன். படம் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு விதையின் கண்ணைப் பாருங்கள். கண் என்றால் காயோடு ஒட்டியிருந்த இடம், விதையின் தொப்புள். அவரை, மொச்சை என்றால் அந்த இடத்தில் வெள்ளையாக, நீளமாக, கொஞ்சம் மேடாக ஒரு பட்டை இருக்கும். மெழுகை உருக்கி ஓரத்தில் வரைந்தது போல. விதையைத் திருப்பாமலே தெரியும். தம்பட்டை அவரை என்றால் கண் விதையின் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஓடும், ஆனால் அது இவ்வளவு சின்ன விதை இல்லை. இரண்டும் இல்லாமல், சின்னக் கண்ணும், அதிலிருந்து விதையின் வெளி ஓரம் வரை விசிறி மடிப்பு போல மெல்லிய கோடுகளும் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அந்த மூன்று தண்ணீர்க் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்று. நகைக் கடையில் தெரிந்தவர் இருந்தால் இருபது விதையை நிறுத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு வேண்டாம்.


புலவர் தெரு
ஜூன் 29

அம்மையீர், இதற்கு ஏன் பர்மா வரை போக வேண்டும்? அவரை நம் மண்ணின் கொடி. குறுந்தொகை 82ஆம் பாடலில் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: குறவன் தினை அரிந்த தாளிடையே கொழுங்கொடி அவரை பூக்கும் பனிக்காலமும் வந்துவிட்டது, அவர் வரவில்லையே என்று. "அரும்பனி அச்சிரம்" என்பது மூலம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் மலைச்சாரலில் பூத்ததை ஒரு பர்மாக் கதைக்குள் அடைக்க வேண்டாம். வெளியூர்ப் பெயர் ஒட்டினால்தான் மதிப்பு என்பது நம்மவர்களின் பழைய நோய். உங்கள் பயறு மொச்சையின் ஒரு வகைதான் என்பது என் துணிபு.


கண்டனூர்க்காரி
ஜூலை 2

வரப்போரம் சார், பேரனின் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைப் பட்டை இல்லை. கண் சிறியது, முட்டை வடிவம். கோடுகள் இருக்கின்றன! முதலில் தெரியவில்லை. ஜன்னலோரம் விதையைச் சாய்த்துப் பிடித்தால், கண்ணிலிருந்து கிளம்பி ஓரம் வரை, சிப்பியின் முதுகில் இருக்குமே, அது போல. இத்தனை ஆண்டு கையில் வைத்திருந்தும் பார்க்கவில்லை. ஒப்பிடக் கடையில் நூறு கிராம் மொச்சை வாங்கினேன், அதில் நீங்கள் சொன்ன மெழுகுக் கோடு அப்படியே இருக்கிறது.

எங்கள் தெரு ஆசாரியின் தராசில் இருபது விதை 8.64 கிராம். அவர், "கல் வைத்து இழைக்கவா அக்கா?" என்று கேட்டார்.

புலவர் ஐயாவுக்கு: மொச்சை இல்லை போலிருக்கிறது. வருத்தம் வேண்டாம், எனக்கும் இந்த 31ஐத் தவிர வேறு கட்சி இல்லை.


வரப்போரம்
ஜூலை 3

சந்தேகமே இல்லை அம்மா. உங்களிடம் இருப்பது லிமா பயறு. ஊட்டி, கொடைக்கானல் சந்தையில் டபுள் பீன்ஸ் என்று விற்பது இதன் தடித்த உறவு. நூறு விதைக்கு 43 கிராம் என்றால் உங்களுடையது சிறு விதைக் கூட்டம்.

சொந்த ஊர் கேட்டீர்கள். இந்த இனத்தின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். அங்கே இரண்டு தனி இடங்களில் மனிதர்கள் இதைக் காட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டீஸ் மலையின் மேற்குச் சரிவில் பெரிய விதைக்காரன், மெக்சிகோ பக்கம் சிறிய விதைக்காரன். பெயரிலுள்ள லிமா பெரு நாட்டின் தலைநகரம். மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மிளகாய், கடலை, சர்க்கரைவள்ளி எல்லாம் கீழை நாடுகளில் இறங்கிய வழிகளில் அது ஒன்று. இந்தப் பயறும் அந்த வழியே வந்து ஜாவா, பர்மா என்று பரவியது. ஆங்கில வணிகத்தில் இதற்கு ரங்கூன் பயறு, பர்மா பயறு என்றே பெயர் இருந்தது. ஆகவே உங்கள் வீட்டுக் கதையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் முந்தானையில் வந்ததா, மூட்டையில் வந்ததா என்று விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு நீங்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

பெயரையும் கதையையும்விட எனக்குப் பெரிய சாட்சி உங்கள் அப்பத்தாவின் மூன்று தண்ணீர். லிமா பயறில் லினமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் அதுவே. விதை நசுங்கி நீர் பட்டால் விதைக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி அதைப் பிரிக்க, சயனைடு வாயு கிளம்பும். ஊறவைத்தால் லினமரின் தண்ணீரில் கரைந்து இறங்கும், அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். மூடாத பானையில் கொதித்தால் கிளம்பிய வாயு ஆவியோடு போய்விடும். குக்கரில் என்ன ஆனது? சூடு நொதியைக் கொன்றது. லினமரின் சூட்டுக்கு எளிதில் அழியாது, ஊறிய தண்ணீரையும் கொட்டவில்லை, ஆக வந்தது அப்படியே குழம்பில் நின்றது. வயிற்றுக்குள் போனபின் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிச்ச வேலையைச் செய்தன. உங்கள் தம்பி பிழைத்தது அவர் நல்ல நேரம். சந்தை டபுள் பீன்ஸில், வெள்ளை விதைகளில் பெரும்பாலும், இது மிகக் குறைவு. நிறமும் தெறிப்பும் உள்ள பழைய வகைகளில் கூடுதலாக இருப்பது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தீவனமாகப் போன இதே பயறு அங்கே மாடுகளைக் கொன்றிருக்கிறது. வடித்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றாத உங்கள் அப்பத்தாவுக்கு வேதியியல் தெரிந்திருக்காது, ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு மாடு ஏதாவது செத்திருக்கும். மொச்சைக்கு நம் ஊரில் யாரும் மூன்று தண்ணீர் கொட்டுவதில்லை. விதையோடு சமையல் குறிப்பும் சேர்ந்தே பயணம் செய்திருக்கிறது.

பச்சைக்காயாகவும் பறித்துத் தின்ன வேண்டாம். பேரன் இருக்கிறான் என்கிறீர்கள், கவனம்.

புலவருக்கு ஒரு வார்த்தை. அவரை பழையது என்பதில் உங்களோடு சண்டை இல்லை. பெல்லாரி பக்கத்தில் சங்கனக்கல்லு போன்ற புதிய கற்கால ஊர்களின் மண்ணிலேயே அவரை விதை கிடைத்திருக்கிறது, மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் அதன் காட்டு உறவுகள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன, அதுவும் வந்த விருந்தாளிதான். நீங்கள் காட்டிய பாட்டு நான் சொன்னதற்கே சாட்சி: பனிக்காலத்தில்தான் அவரை பூக்கிறது. தலைவி நாள்காட்டியாக வைத்திருப்பதே பகல் சுருங்குவதைத்தான்.

விதைப்புக்கு: பன்னிரண்டுக்கு மேல் போடாதீர்கள், மிச்சம் பாட்டிலிலேயே இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் வேர் மூழ்கினால் அழுகும், அரையடி மேடு கட்டுங்கள். வெள்ளை விதையைத் தனியே ஒரு மூலையில் போட்டு அடையாளம் வையுங்கள். லிமா தன் மகரந்தத்திலேயே காய்ப்பதுதான், ஆனால் தேனீ நிறைய இருந்தால் கலப்பும் நடக்கும். இரண்டு வெள்ளையும் அப்படிப் பிறந்ததா, வேறு பாட்டிலிலிருந்து விழுந்ததா என்பது காய்த்தால் கொஞ்சம் பிடிபடும். விதைக்கு வைக்கும் கொத்துகளைப் பூப்பதற்கு முன்பே கொசுவலைத் துணியால் கட்டிவிடுங்கள். பூ வந்ததும் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், அடியில் படகு போல இருக்கும் இதழ் எப்படி வளைந்திருக்கிறது என்று எழுதுங்கள்.


பர்மா காலனி மூன்றாம் தெரு
ஜூலை 5

அக்கா, தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் என் அம்மாவிடம் ஓடினேன்.

நாங்கள் பர்மாவிலிருந்து 1965இல் வந்த குடும்பம். கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறியவர்கள். அம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது, கோபம் வந்தால் இன்னும் பர்மியத்தில்தான் திட்டுவார். பர்மிய மொழியில் பயறுக்கு "பே" என்று பெயர். வெண்ணெய்க்கு "தோபா", கடைசியில் தொண்டையில் டக்கென்று நிறுத்தி உச்சரிக்க வேண்டும். லிமா பயறுக்கு அங்கே வழங்கும் பெயர் "தோபா பே". வெண்ணெய்ப் பயறு என்று அர்த்தம், வெந்தால் வெண்ணெய் போலக் கரைவதால். அவகேடோவைக்கூட அங்கே தோபாப் பழம் என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் தோப்பு இல்லை. ஆனால் தோபா இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். "தோபா பே" என்பதில் பே என்றால் பயறு என்று தெரிந்த ஒருவர், அந்தப் பாதியை மட்டும் தமிழாக்கிவிட்டு முன்பாதியை அப்படியே விட்டிருக்கிறார். பெகுவில் இருந்த உங்கள் ஐயாவாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். வட்டிக்கடை அடுத்தாள் என்கிறீர்கள். அந்தக் கடைகளுக்குப் போனவர்கள் பொதுவாக மூன்று வருடக் கணக்கில் தனியாகத்தான் போவார்கள், வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போவது அபூர்வம். அப்பத்தா பர்மாவில் இருந்ததற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா? நடந்து வந்தவர்களின் கதை எங்கள் காலனியிலும் உண்டு. டிசம்பர் 1941இல் ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். தாமு, பாலேல் வழியாக இம்பாலுக்கு வந்தவர்கள் பலர் வழியிலேயே காலராவிலும் மலேரியாவிலும் போய்விட்டார்கள். அந்த நடையில் கையில் பயறு இருந்தால் அவித்துத் தின்றிருப்பார்கள் என்பார் எங்கள் தாத்தா. விதைக்கென்று ஒரு பிடியைக் காப்பாற்ற வயிறு விட்டிருக்காது.


கண்டனூர்க்காரி
ஜூலை 9

மூன்றாம் தெருத் தம்பி, உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நேற்று பஸ் ஏறிப் பெரிய அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன்.

அத்தைக்கு 88 வயது. காது மந்தம், நினைவு கத்தி. அப்பத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையைச் சொல்லச் சொன்னேன். அத்தை வெற்றிலையை மடித்து வாயில் வைக்கப் போனவர் நிறுத்திவிட்டு, "யார் நடந்தது? உங்கள் அப்பத்தா கடலைப் பார்த்ததே ராமேசுவரத்தில்தான்" என்றார்.

நடந்தது ஐயா மட்டும். திமாப்பூரில் ரயில் ஏறி, ஊர் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு தகர டம்ளரும் உடம்பு நிறையக் காய்ச்சலும்தான் இருந்தன. அடையாளம் தெரியாமல் பிச்சைக்காரன் என்று நினைத்து அத்தையே கதவைச் சாத்தியிருக்கிறார், அப்போது அவருக்கு ஆறு வயது. பயறு வந்தது அதற்கு முந்திய தவணையில். கணக்கு முடித்துக் கப்பலில் சென்னை வந்து, அங்கிருந்து ஊருக்கு வந்த ஐயா, அத்தையின் காதுகுத்துக்கு ஒரு ஜோடித் தோடும், பிஸ்கட் டின் நிறையப் பயறும் கொண்டுவந்தார். அங்கே கடைச் சமையல்காரர் செய்து தந்த குழம்பு பிடித்துப்போய், செய்முறையையும் கேட்டுக்கொண்டு வந்து அப்பத்தாவுக்குச் சொன்னாராம். அத்தைக்குக் காது குத்தியது மூன்றாம் வயதில். 1938 இல்லை என்றால் 1939.

அத்தையிடம் பெயரைப் பற்றியும் கேட்டேன். "ஐயா தோபா என்றுதான் சொல்வார், வாயில் வெந்ததை வைத்துக்கொண்டு பேசுவது போல" என்றார். தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முந்தானை போய்விட்டது. இத்தனை கல்யாண வீடுகளில் சொன்ன கதை. பிஸ்கட் டின் அவ்வளவு அழகாக இல்லைதான், என்ன செய்வது.


கண்டனூர்க்காரி
ஜனவரி 24

ஆறு மாதம் கழித்து வருகிறேன். ஆடிப்பெருக்கன்று பன்னிரண்டு விதை போட்டேன், அதில் வெள்ளை ஒன்று. ஒன்பது முளைத்தன. ஐப்பசி மழையில் மேடு கட்டியும் இரண்டு அழுகிப் போயின. மொக்கு வந்த சமயம் அசுவினிப் பூச்சி அப்பியது. அத்தை சொன்னபடி விடியற்காலையில் பனி ஈரத்தோடு சாம்பல் தூவினேன், பாதி போனது, மீதியை விரலால் தேய்த்தே எடுத்தேன்.

முதல் மொக்கை நவம்பர் 6 அன்று பார்த்தேன். நம்பவே முடியவில்லை. போன ஆண்டு எட்டு மாதம் கெஞ்சியும் கொடுக்காததை, இந்த ஆண்டு மூன்றே மாதத்தில் தன் பாட்டுக்குக் கொடுக்கிறது.

வரப்போரம் சார் சொன்ன பரீட்சையைச் செய்தேன். பூ மிகச் சின்னது, வெளிறிய பச்சையும் ஊதாவும். மூக்குத்தித் திருகாணி அளவுதான். சேலைக்குக் குத்தும் ஊக்கால் பக்க இதழ்களை விலக்கினேன். உள்ளே படகு இதழ் வளைந்திருக்கவில்லை, சுருண்டிருந்தது. நத்தை ஓடு போல ஒரு சுற்றுக்கு மேல், முறுக்குப் பிழிந்து நுனியை உள்ளே மடித்தது போல. பக்கத்து வீட்டு வேலியிலிருந்து ஓர் அவரைப் பூவைப் பறித்துப் பிரித்தேன். அதில் சுருளே இல்லை, சட்டென்று செங்குத்தாக மடங்கி நிற்கிறது.

காய் ஒன்றுக்கு மூன்று விதை, சிலவற்றில் இரண்டு. காய்ந்த காயைப் பறித்துத் திண்ணையில் போட்டிருந்தேன். மதிய வெயில் ஏறியதும் பட், பட் என்று முறுக்கிக்கொண்டு வெடித்து விதையை எறிகிறது. ஒன்று பேரனின் நெற்றியில் பட்டது, அதற்குப் பிறகு அவனுக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாகிவிட்டது. மேலே துணி போட்டு மூடிய பிறகுதான் எண்ண முடிந்தது. ஏழு கொடியில் 812. வெள்ளைக் கொடி ஒன்று, அது கொடுத்தது 96, எல்லாம் வெள்ளை. தெறிப்பு ஒன்றுகூட இல்லை. அதைத் தனி பாட்டிலில் வைத்துவிட்டேன்.


வரப்போரம்
ஜனவரி 24

சுருண்ட படகு இதழ் பார்த்தீர்களே, அதோடு அவரை இல்லை என்பது முடிந்தது.

812ஐயும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். எலி ஒரு ராத்திரியில் எண்பத்தைந்து வருடத்தைத் தின்றுவிடும். தேசியத் தாவர மரபணு வள நிறுவனத்தின் கிளை நிலையம் திருச்சூர் பக்கம் வெள்ளானிக்கராவில் இருக்கிறது. அங்கே கொஞ்சம் கொடுக்க எழுதிக் கேளுங்கள், பெயர், ஊர், சமையல் முறை எல்லாவற்றையும் சேர்த்து. அதைவிட முக்கியம், நான்கு ஊரில் நான்கு கொல்லையில் ஏற வேண்டும். வெளிநாட்டில் யாராவது கேட்டால் உறையில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், பல்லுயிர்ச் சட்டம் 2002 இருக்கிறது, முறைப்படி அனுமதி வேண்டும்.


புலவர் தெரு
ஜனவரி 25

அம்மையீர், குறுந்தொகை 240இல் அவரைப் பூவைக் கிளியின் வாய்க்கு ஒப்பிடுகிறார் புலவர். இத்தனை நாள் அதை நிறத்துக்குச் சொன்னதா, வடிவுக்குச் சொன்னதா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் மழுப்புவேன். நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஓர் அவரைப் பூவைப் பிரித்துப் பார்த்தேன். அந்த மடக்கு கிளி மூக்கேதான். நத்தைச் சுருளைப் பாடிய பாட்டு எதுவும் என் நினைவில் இல்லை, எனவே உங்கள் பயறு எங்கள் பக்கம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் எனக்குப் பத்து விதை தர முடியுமா? வீட்டில் பந்தல் சும்மா கிடக்கிறது.


கண்டனூர்க்காரி
ஜனவரி 25

தருகிறேன் புலவர் ஐயா. மூன்றாம் தெருத் தம்பியின் அம்மாவுக்கு முதல் பொட்டலம், இரண்டாவது உங்களுக்கு. வேண்டுமென்பவர்கள் தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள், ஆளுக்குப் பத்து, இருபது பேர் வரை. ஆடிக்கு முன் போடாதீர்கள். பொட்டலத்தின் மேல் பெயரைத் "தோபாப் பயறு" என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே சிவப்பு மையில்: மூன்று தண்ணீர் கொட்டவும், குக்கர் கூடாது.